குளோன்களும் உயிரின் மதிப்பும்: டிஸ்டோபியா கதைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பல வாரங்கள் வைத்துப் பேசினோம். அதைத் தொட்டு குளோன்கள் வரும் வேறு சில கதைகளும் வந்தன. கூட்டம் கலைந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். “ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்” என்று யாராவது வாசலில் நிறுத்துவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும், அப்போது சொல்லத் தெரியாமல் பிறகு யோசித்துக் கண்டவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கதைகளின் முடிவுகள் இதில் வெளிப்படும். தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் கதையை முடித்துவிட்டு வாருங்கள்.

படங்களில் காட்டுவதுபோல் வளர்ந்த ஆளை அப்படியே நகல் எடுக்க முடியுமா?

முடியாது. குளோன் என்பது ஓர் உயிரின் செல்லிலிருந்து, அதே டிஎன்ஏவோடு உருவாக்கப்படும் இன்னோர் உயிர். அது குழந்தையாகத்தான் பிறக்கும். ஒரு கருப்பையில் வளர்ந்து, பிறந்து, தவழ்ந்து, பல் முளைத்து, அதற்கான காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் பெரிதாகும். நாற்பது வயதுக்காரருக்கு இன்று ஒரு குளோன் பிறந்தால், இருவருக்கும் நாற்பது வயது வித்தியாசம் இருக்கும். அசல் ஆளின் நினைவில் ஒரு துளிகூடக் குழந்தைக்கு வராது. நாற்பது வருடம் தாமதமாகப் பிறந்த இரட்டைப் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய சரியாக இருக்கும்.

கண்ணாடித் தொட்டியிலிருந்து வளர்ந்த உடலோடு எழுந்துவரும் நகல் திரைக்கு வசதியான கற்பனை. அந்தக் கற்பனை ஒன்றை மறைத்துவிடுகிறது: குளோனுக்கும் குழந்தைப் பருவம் உண்டு. இஷிகுரோ தன் நாவலின் முதல் பகுதி முழுவதையும் பள்ளிக்கூடக் கதையாக எழுதியிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டாலி ஆட்டை எப்படி உருவாக்கினார்கள்?

வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து குளோன் செய்யப்பட்ட முதல் பாலூட்டி டாலி. அதைச் செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு கருமுட்டை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். கூர்மையான கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தாலும் தெரியும். நுண்ணோக்கியின் அடியில் ஒரு பக்கம் மழுங்கிய கண்ணாடிக் குழல் அதை மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கத்திலிருந்து முடியைவிட மெல்லிய ஊசி உள்ளே போய், முட்டைக்குள் இருக்கும் டிஎன்ஏவை வெளியே இழுத்துவிடும். காலியான முட்டைக்குப் பக்கத்தில், நகலெடுக்க வேண்டிய விலங்கின் உடலிலிருந்து எடுத்த ஒரு செல்லை வைப்பார்கள். சின்ன மின் அதிர்ச்சி ஒன்று கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். கருவுற்ற முட்டைபோல அது பிளந்து வளரத் தொடங்கும்.

ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் குழுவினர் ஆறு வயதுப் பெண் ஆட்டின் பால்மடிச் செல்களை எடுத்து இப்படிச் செய்தார்கள். 277 முறை முட்டையையும் செல்லையும் இணைத்தார்கள். அவற்றில் 29 மட்டும் கருக்களாகத் தேறின. அவற்றை 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்தது ஒன்றே ஒன்று. 1996 ஜூலை 5-ஆம் தேதி பிறந்த அந்தக் குட்டியை 1997 பிப்ரவரியில்தான் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அந்த 277 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதரில் இதை முயல்வது என்றால் எத்தனை பெண்களின் முட்டைகள், எத்தனை கலைந்த கருக்கள், குறையோடு பிறந்து சில நாளில் இறக்கும் எத்தனை சிசுக்கள் என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். கதைகளில் வரும் குளோன் கூடங்கள் எப்போதும் சுத்தமாகவே இருக்கின்றன. அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதைப் பெரும்பாலான கதைகள் சொல்வதில்லை.

மனிதரை யாராவது குளோன் செய்திருக்கிறார்களா?

குளோன் செய்யப்பட்ட மனிதக் குழந்தை பிறந்ததாக நிரூபிக்கப்பட்ட செய்தி ஒன்றுகூட இல்லை. 2002 டிசம்பரில் ஒரு மதக்குழுவைச் சேர்ந்த நிறுவனம் பிறந்துவிட்டதாக அறிவித்தது. எந்தச் சோதனைக்கும் குழந்தையைக் காட்டவில்லை. தென் கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், குளோன் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் (உடலின் பல வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) எடுத்ததாக 2004, 2005 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் மோசடி என்று தெரிந்து 2006-ல் திரும்பப் பெறப்பட்டன. 2013-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஷுக்ரத் மிதாலிப்போவ் குழு அதை உண்மையாகவே செய்து காட்டியது. ஆனால் அவை சோதனைக் கூடத்தில் சில நாட்களே வளர்ந்த கருக்கள். குழந்தை பெறுவது அவர்களின் நோக்கமே இல்லை.

நமக்கு மிக நெருங்கிய விலங்கு என்று பார்த்தால் குரங்குவரை வந்துவிட்டார்கள். சீனாவில் பிறந்த சோங் சோங், ஹுவா ஹுவா என்ற இரண்டு மக்காக் குரங்குகளைப் பற்றிய செய்தி 2018 ஜனவரியில் வெளிவந்தது.

ஒரே டிஎன்ஏ என்றால் ஒரே ஆள்தானே?

2001 டிசம்பரில் டெக்சாஸில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் செல்லிலிருந்து வந்தது. குட்டியைப் பார்த்தால் ரெயின்போவின் நகல் என்று சொல்லவே முடியாது. உடலில் அந்த ஆரஞ்சு நிறத்தையே காணோம். பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று உறங்கிவிடும். எது உறங்குகிறது என்பதைப் பொறுத்தே அந்த இடத்து முடியின் நிறம் அமையும். குளோனுக்குக் கொடுத்த செல்லில் ஆரஞ்சு நிறத்துக்கான பக்கம் உறங்கிப்போயிருந்தது. ஒரு பூனையின் தோலைக்கூட டிஎன்ஏ அச்சுப் பிசகாமல் திருப்பித் தருவதில்லை.

மனிதருக்கு இதைச் சொல்லப் பூனையும் வேண்டியதில்லை. என் தோழி ஒருத்தி ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் இளையவள். ஆறு நிமிட வித்தியாசம். அக்காவுக்குத் திருமணம் நடந்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் இவளை வாழ்த்தினார்கள். அக்கா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. “அவ போயிட்டாளேன்னு அழறவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு இன்னும் அதிகமா அழுவாங்க. ஆனா ஒருத்தர்கூட, நீதான் இருக்கியேன்னு சொல்லல” என்றாள். அந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதே முகம், அதே டிஎன்ஏ. இறந்தவளின் இடம் காலியாகவே இருந்தது.

அப்படியானால் டிஸ்டோபியா எழுதுகிறவர்களுக்குக் குளோன் மேல் ஏன் இத்தனை ஈர்ப்பு?

டிஸ்டோபியா என்பது இன்றைய உலகின் ஏதோ ஒரு பழக்கத்தை எடுத்து, அதற்குத் தடையே இல்லாத இடம் ஒன்றைக் கட்டிக் காட்டும் கதை. ஒருவரை இன்னொருவரின் தேவைக்காகப் பயன்படுத்துவதுதான் நம்முடைய மிகப் பழைய பழக்கம். அடிமை, கொத்தடிமை, எல்லையில் பலிகொடுக்கப்படும் சிப்பாய் என்று அது பல உருவத்தில் இருந்திருக்கிறது. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பெற்றோர் உண்டு. பயன்பாட்டுக்கு முன்னால் ஒரு பிறப்பு உண்டு. குளோனைக் கதைக்குள் கொண்டுவந்தால் அந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் தேவை, பிறகு அதற்காக ஓர் உயிர். “எதற்காக உண்டாக்கினோமோ அதற்கு மேல் அதற்கு மதிப்பு உண்டா?” என்ற கேள்வியை இவ்வளவு பச்சையாகக் கேட்க வேறு வழி இல்லை.

குளோன் என்ற சொல் மக்கள் வாய்க்கு வரும் முன்பே இது தொடங்கிவிட்டது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம்தான் உலகத்துக்கு ‘ரோபோ’ என்ற சொல்லைக் கொடுத்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து வந்தது அது. அந்த நாடகத்தின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை இல்லை. தொழிற்சாலையில் பிசைந்து உருவாக்கிய சதை உடல்கள். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ 1932-ல் வந்தது. அதில் ஒரே கருமுட்டையை அரும்பவைத்து 96 பேர்வரை உண்டாக்குகிறார்கள். கீழ்நிலை வேலைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அந்த நாவலில் என்னால் மறக்க முடியாத இடம் மருத்துவமனைக் காட்சி. ஜான் என்ற இளைஞனின் அம்மா சாகக் கிடக்கிறாள். ஒரே முகம் கொண்ட சிறுவர் கூட்டம் ஒன்று வார்டுக்குள் அழைத்து வரப்படுகிறது. சாவைப் பார்த்து வருந்தாமல் இருக்க அவர்களுக்கு அங்கே பயிற்சி. ஒருவர் சாகும்போது சாக்லேட் இனிப்பு கொடுக்கிறார்கள். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி மொய்த்துக்கொண்டு அவளை வேடிக்கை பார்க்கிறார்கள். உயிருக்கு மதிப்பில்லாத உலகம் என்றால் ரத்தமும் கத்தியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஹக்ஸ்லி காட்டுவது வாயில் இனிப்போடு நிற்கும் குழந்தைகளை.

‘நெவர் லெட் மீ கோ’வில் அப்படி என்ன இருக்கிறது?

2005-ல் வெளிவந்த நாவல். கேத்தி என்ற 31 வயதுப் பெண் தன் கதையைச் சொல்கிறாள். ஹேல்ஷம் என்ற அழகான விடுதிப் பள்ளியில் ரூத், டாமி என்ற நண்பர்களோடு வளர்ந்தவள். சண்டை, சமாதானம், பொறாமை, முதல் காதல் என்று எல்லாப் பள்ளிக் கதைகளிலும் வருவதெல்லாம் இதிலும் வரும். மெதுவாகத்தான் நமக்கு விளங்கும்: இந்தப் பிள்ளைகள் குளோன்கள். பெரியவர்களானதும் தங்கள் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, மூன்றாவது அல்லது நான்காவது அறுவையோடு இறந்துபோவார்கள்.

அதில் ஒரு சிறிய காட்சி. ‘மேடம்’ என்று அழைக்கப்படும் பெண்மணி அவ்வப்போது பள்ளிக்கு வந்து பிள்ளைகள் வரைந்தவற்றில் சிறந்ததை எடுத்துச் செல்வார். அவர் தங்களைக் கண்டு பயப்படுகிறார் என்று ரூத் சொல்கிறாள். சோதித்துப் பார்க்க, எட்டு வயதுச் சிறுமிகள் சேர்ந்து அவர் வரும் வழியில் தற்செயலாக வருவதுபோல் சூழ்ந்துகொள்கிறார்கள். மேடம் கத்தவில்லை, திட்டவில்லை. அப்படியே உறைந்து நிற்கிறார். அவர்களில் ஒருத்தி தன்மேல் பட்டுவிடுவாளோ என்று உடம்பைக் குறுக்கிக்கொள்கிறார். சிலந்தியைப் பார்த்தால் சிலருக்கு வரும் கூச்சம் அது. விளையாட்டாகத் தொடங்கிய பிள்ளைகளின் முகம் மாறிவிடுகிறது. தாங்கள் சிலந்தியாகப் பார்க்கப்படலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மேடம் அவர்களுக்கு எதிரி இல்லை. அவர்களுக்காக வாதாடிய வெகு சிலரில் ஒருவர். அதனால்தான் அந்தக் காட்சி இன்னும் வலிக்கிறது.

அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை?

எல்லாரும் கேட்கும் கேள்வி. கொஞ்சம் கோபத்தோடே கேட்பார்கள். வேலி இல்லை, காவல் இல்லை, கேத்தியிடம் கார் இருக்கிறது. ஏன் ஓடவில்லை?

நான் முதலில் சொன்ன பதில், “அப்படி வளர்க்கப்பட்டார்கள்” என்பது. அது தவறில்லை. நாவலில் லூசி என்ற ஆசிரியை ஒருநாள் பொறுக்க முடியாமல், உங்கள் எதிர்காலம் முடிவாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். பிள்ளைகள் அதிர்ச்சி அடைவதில்லை. அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். எப்போது தெரிந்தது என்றுதான் தெரியாது. புரிந்துகொள்ளும் வயதுக்குச் சற்று முன்பாகவே ஒவ்வொரு உண்மையும் அவர்கள் காதில் போடப்பட்டிருக்கிறது. புரியும் வயது வரும்போது அது பழைய செய்தி.

இரண்டாம் முறை படித்தபோது இன்னொன்று தெரிந்தது. அவர்கள் ஓட நினைக்காவிட்டாலும் கெஞ்ச நினைக்கிறார்கள். உண்மையாகக் காதலிக்கும் ஜோடிக்கு மூன்று வருடம் தள்ளிவைப்பு கிடைக்கும் என்று ஒரு வதந்தி. டாமியும் கேத்தியும் அதை நம்பி, டாமி வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் கேட்பது விடுதலையை அல்ல, மூன்று வருடத்தை. அதற்கும் காதலை ஆதாரத்தோடு நிரூபிக்கத் தயாராக வருகிறார்கள். தள்ளிவைப்பு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்று அங்கே தெரியவருகிறது. திரும்பும் வழியில் டாமி காரை நிறுத்தச் சொல்லி, இருட்டில் ஒரு வயலுக்குள் இறங்கி நின்று அலறுகிறான். அந்த நாவலில் நடக்கும் ஒரே கலகம் அது. பார்த்தது கேத்தி மட்டும்.

நீங்களும் நானும் இதே கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நமக்கும் முடிவு தெரியும். நாமும் ஓடுவதில்லை. எழுந்து வேலைக்குப் போகிறோம், நண்பரோடு சண்டை போடுகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம். கேத்தியின் வாழ்க்கை நம்முடையதிலிருந்து வேறுபடுவது இரண்டு விஷயத்தில்தான்: அது சுருக்கப்பட்டது, சுருக்கியவர்களுக்கு அதனால் லாபம் இருந்தது. முதலாவதை ஏற்றுக்கொள்ளக் கற்பது முதிர்ச்சி. இரண்டாவதையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும்படி பழக்கப்படுத்தியது கொடுமை. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பே கேத்திக்குக் கொடுக்கப்படவில்லை.

கொலையைக் ‘கொடை’ என்கிறார்களே, அந்தச் சொல்விளையாட்டு எதற்கு?

கொல்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு. நாவலில் உறுப்பை இழப்பவர் கொடையாளர். அவரைப் பார்த்துக்கொள்பவர் பராமரிப்பாளர்; அவரும் குளோன்தான், அவர் முறை பின்னால் வரும். செத்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை, நிறைவுற்றார் என்கிறார்கள். இவற்றில் ஒரு சொல்கூடக் கெட்ட சொல் இல்லை. தமிழில் ‘கொடை’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மரியாதை! தருபவருக்கு மறுக்கும் உரிமை இருக்கும்வரைதான் அது கொடை. மறுக்க முடியாதவரிடமிருந்து வாங்கினால் பறிப்பு. கதையில் வரும் எல்லாருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அதைச் சொல்லும் சொல்தான் அவர்கள் மொழியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

உறுப்புக்காகக் காத்திருப்பவர்களின் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. என் தம்பிக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சிவப்புக் குழாய்கள் இரண்டு அவன் கையிலிருந்து இயந்திரத்துக்கு ஓடும். குழாயைத் தொட்டால் சூடாக இருக்கும். உள்ளே ஓடுவது அவன் ரத்தம். மூன்றாவது மணி நேரத்தில் கால் தசை இழுக்கும், நான் பாதத்தைப் பிடித்து அழுத்துவேன். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். ஒருநாள் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி அவன் சிரித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இஷிகுரோவைப் படித்தேன். வேறு எங்கோ படித்திருந்தால் நாவலில் அந்த உறுப்புகளை வாங்கிக்கொள்ளும் இங்கிலாந்துக்காரர்கள்மேல் எனக்கு வெறும் அருவருப்புதான் வந்திருக்கும். அங்கே உட்கார்ந்திருந்தபோது வேறொன்று புரிந்தது. ஒரு சிறுநீரகம் வந்திருக்கிறது என்று போன் வந்தால், அது எங்கிருந்து என்று நான் கேட்டிருப்பேனா? உண்மையைச் சொன்னால், கேட்டிருக்க மாட்டேன். கேட்காமல் இருப்பதுதான் அந்த உலகத்தின் அஸ்திவாரம். பிற்பகுதியில் பள்ளித் தலைமை ஆசிரியை எமிலி இதைத்தான் விளக்குகிறார்: மருந்தில்லாத நோய்களுக்கு வழி பிறந்துவிட்டது, தன் பிள்ளையையோ துணையையோ காப்பாற்றிக்கொண்ட பிறகு யாரும் பழைய நிலைக்குத் திரும்பச் சம்மதிக்கவில்லை. குளோன்கள் நம்மைப் போன்றவர்கள் இல்லை என்று நம்புவது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. முதலில் தேவை வந்தது, நம்பிக்கை அதன் பின்னால் வந்தது.

தம்பிக்கு எங்கள் அக்கா தன் சிறுநீரகத்தைக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும் முன் மருத்துவர்கள் அவளைத் தனியறையில் வைத்துப் பலமுறை கேட்டார்கள்: யாராவது வற்புறுத்தினார்களா, மனம் மாறினால் சொல்லலாம், காரணத்தை நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம் என்று. அப்போது அது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், ‘நெவர் லெட் மீ கோ’ உலகத்துக்கும் எங்கள் உலகத்துக்கும் நடுவில் இருந்தது அந்தத் தனியறை ஒன்றுதான்.

மூளையே இல்லாத உடலாக வளர்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

சிலர் இதை மிக நிதானமாகக் கேட்பார்கள். வலி தெரியாது, பயம் இல்லை, யாரையும் கொல்லவில்லை என்பது வாதம். நான்சி ஃபார்மரின் ‘தி ஹவுஸ் ஆஃப் தி ஸ்கார்பியன்’ (2002) இதற்கு நேரான பதில் என்று எடுத்துக்கொள்ளலாம். அதில் சட்டப்படி குளோன்களுக்குப் பிறந்தவுடன் மூளையைச் சிதைத்துவிடுவார்கள். 140 வயதைத் தாண்டிய போதைமருந்து அரசன் ஒருவன், தன் குளோனான மாட் என்ற சிறுவனை மட்டும் அப்படிச் செய்யாமல் வளர்க்கிறான். அன்பினால் என்று மாட் நம்புகிறான். கிழவனுக்கு வேண்டியது தன் இளமையைக் கண்ணெதிரே பார்க்கும் இன்பமும் கடைசியில் மாட்டின் இதயமும்.

சிறு வயதில் மாட் ஜன்னலிலிருந்து குதித்து, உடைந்த கண்ணாடியில் பாதம் கிழிந்து கிடக்கிறான். பிள்ளைகள் அவனைத் தூக்கிவருகிறார்கள். பணிப்பெண் பரிவோடு காயத்தைக் கழுவுகிறாள். அப்போது உள்ளங்காலில் எழுதியிருப்பது கண்ணில் படுகிறது: அவன் அந்தப் பண்ணையின் சொத்து. அடுத்த நிமிடம் அவனை வெளியே புல்தரையில் போட்டுவிடுகிறார்கள். காயம் அதேதான், ரத்தமும் அதேதான், மாறியது அவர்கள் படித்த ஒரு வரி.

மூளையைச் சிதைப்பவர்கள், அங்கே ஓர் ஆள் உருவாகியிருப்பான் என்று தெரிந்துதான் சிதைக்கிறார்கள். ஆள் இல்லை என்பது அவர்கள் கண்டுபிடித்த உண்மை அல்ல. அவர்கள் செய்த காரியம். உறுப்பு மட்டுமே வேண்டும் என்றால் உறுப்பை மட்டும் வளர்க்கும் வழியைத் தேட வேண்டும். அந்தத் தேடல் நடக்கத்தான் நடக்கிறது. ஜப்பானின் ஷின்யா யமனாகா, முதிர்ந்த செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்க முடியும் என்று 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அதற்குக் கருவும் வேண்டாம், குளோனும் வேண்டாம். முழு உறுப்பை வளர்த்தெடுக்க இன்னும் தூரம் இருக்கிறது.

நம் புராணங்களிலேயே குளோனிங் இருந்தது என்கிறார்களே?

கருமுட்டையின் டிஎன்ஏவை மாற்றும் நுட்பம் இருபதாம் நூற்றாண்டுடையது. அதைப் புராணத்தில் தேடுவது இரண்டுக்கும் நியாயம் செய்யாது. கதையாகப் பார்த்தால் இரத்தபீஜன் என்ற அசுரன் எனக்கு முக்கியமானவன். தரையில் விழும் ஒவ்வொரு துளி ரத்தத்திலிருந்தும் அவனைப் போலவே இன்னொருவன் எழுவான். எழுந்த அத்தனை பேரும் வெட்டுப்படவே எழுந்தவர்கள். அவர்களில் ஒருவனுக்காவது தனியாக ஒரு பெயர் இருந்திருக்குமா என்று சிறு வயதில் யாரிடமோ கேட்டேன். பதில் கிடைக்கவில்லை.

இந்த விவாதத்துக்குத் தமிழிலிருந்து ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் நான் எடுப்பது 972-வது குறள்: “பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்.” எப்படிப் பிறந்தாய் என்பதை வைத்து ஏற்றத்தாழ்வு பேசுகிறவர்களுக்குச் சொன்னது. குடியையும் குலத்தையும் மனதில் வைத்துத்தான் நாம் அதைப் படித்துவந்தோம். ‘எல்லா உயிர்க்கும்’ என்றதால் கண்ணாடிக் குழலின் வழியே தொடங்கிய உயிருக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆன்மா இருக்கிறது என்று குளோன் எப்படி நிரூபிப்பது?

நிரூபிக்கச் சொல்வதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஹேல்ஷம் பிள்ளைகளின் ஓவியங்களை மேடம் சேகரித்தது அவர்களுக்கு ஆன்மா உண்டு என்று வெளியுலகத்துக்குக் காட்ட. நல்லெண்ணம்தான். ஆனால் நன்றாக வரையத் தெரியாத பிள்ளைக்கு என்ன கதி? சிறுவயது டாமிக்கு வரைய வராது. எல்லோரும் கேலி செய்வார்கள். பெரியவனான பிறகு தனியாக உட்கார்ந்து, உள்ளங்கை அளவு நோட்டில் கற்பனை விலங்குகளை வரைகிறான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ரேடியோவைத் திறந்து பார்த்ததுபோல நுணுக்கமான உறுப்புகளால் ஆனது. அவற்றை யாரும் காட்சிக்கு வைக்கவில்லை. ஒன்றுமே வரையாமல் இருந்திருந்தாலும் அவன் டாமிதான்.

ஒரு பயனுக்காகக் குழந்தை பெறுவது நிஜ உலகில் நடக்கிறதா?

அதன் மெல்லிய சாயல் நடக்கிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கொடிய ரத்த நோய் கொண்ட ஒரு சிறுமிக்குப் பொருந்தும் கருவைச் சோதனைக் கூடத்தில் தேர்ந்தெடுத்து ஒரு தம்பி பிறந்தான். அவனுடைய தொப்புள்கொடி ரத்தம் அக்காவைக் காப்பாற்றியது. நான் இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். தூக்கி எறியப்படும் கொடியிலிருந்து எடுத்தார்கள்; பையனுக்கு நோவில்லை; அவனை வளர்க்கும் வீடு இருந்தது. ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் சொன்னது, மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்பது. ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வயலை உழ ஆள் வேண்டும், முதுமையில் துணை வேண்டும் என்றெல்லாம் மனிதர் எப்போதுமே பிள்ளை பெற்றிருக்கிறார்கள். வந்த காரியம் முடிந்த பிறகும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறார்களா என்பதே என் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை பிறக்கவைக்கும் குளோனிங் மனித மாண்புக்கு எதிரானது என்று யுனெஸ்கோ 1997-ல் அறிவித்தது. ஐரோப்பிய கவுன்சில் 1998-ல் தடை உடன்படிக்கை கொண்டுவந்தது. பிரிட்டன் 2001-ல் தனிச்சட்டம் இயற்றியது. 2005 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் 84 நாடுகள் ஆதரவு, 34 எதிர்ப்பு, 37 வாக்களிக்காமல் விலகல் என்ற கணக்கில் ஓர் அறிவிப்பு நிறைவேறியது. அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆய்வுக்கான கருக்களையும் தடுப்பதா என்பதில்தான் நாடுகள் பிரிந்தன.

இந்தச் சட்டங்கள் எல்லாம் குளோன் பிறக்கக்கூடாது என்று சொல்கின்றன. மீறி ஒன்று பிறந்துவிட்டால் அந்தக் குழந்தையைப் பற்றி என்ன சொல்வது என்று என்னிடம் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். தடைசெய்யப்பட்டது செயல், அந்தக் குழந்தை அல்ல. மற்ற எல்லாக் குழந்தைக்கும் உள்ள உரிமை அதற்கும் உண்டு. ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டாலி கடைசியில் என்ன ஆனது?

நுரையீரலில் ஆடுகளுக்கு வைரஸால் வரும் ஒரு கட்டி நோய் வந்தது. 2003 பிப்ரவரி 14-ஆம் தேதி வலியின்றி உயிரை முடித்தார்கள். வயது ஆறு. குளோன் என்பதால் சீக்கிரம் மூப்படைந்தது என்று அப்போது பேச்சு எழுந்தது. அதே பால்மடிச் செல்களிலிருந்து பின்னால் வந்த நான்கு ஆடுகள் ஏழு முதல் ஒன்பது வயதுவரை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்ததாக 2016-ல் வந்த ஆய்வு சொன்னது. பாடம் செய்த டாலியின் உடல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறது.

ஒரு மடிச்செல்லால் முழு ஆட்டை உருவாக்க முடியும் என்று காட்டுவதற்காக உண்டாக்கப்பட்டது டாலி. பிறந்த அன்றே அந்த வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கிடாயோடு சேர்ந்து, எந்த ஊசியும் குழலும் இல்லாமல், ஆறு குட்டிகள் போட்டது. 1998-ல் பிறந்த மூத்த குட்டிக்குப் பானி என்று பெயர். அடுத்த வருடம் இரட்டை, அதற்கடுத்து மூன்று.